‘கீமோ வேண்டுமா, வேண்டாமா? வீட்டில் பேசிச் சொல்லுங்கள்’

கேள்வி: வைத்தியர் அம்மாவுக்கு வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு வயது 56. கொழுந்து பறிக்கிறார். சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். சென்ற வருடம் அவருடைய வலது தொடையின் பின்பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. தேயிலை வாது குத்திய வீக்கம் என்று நினைத்து எட்டு மாதங்கள் விட்டுவிட்டோம். பிறகு கண்டியில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்து, ஆறு வாரங்களுக்கு முன் சத்திரசிகிச்சை செய்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டி 9 சென்ரிமீற்றர், ஆழமானது, மூன்றாம் தரச் சார்கோமா, இன்ன வகை என்று பிரிக்க முடியாத ரகம், வெட்டிய விளிம்பில் நோய் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. நெஞ்சு ஸ்கேனும் சுத்தம். அடுத்து கதிர்வீச்சு. கீமோ பற்றிக் கேட்டேன். ‘கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். வீட்டில் பேசி அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள்’ என்றார் வைத்தியர். பக்கத்து லயத்து அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு உடனே கீமோ கொடுத்தார்கள். அவர் இன்று நன்றாக இருக்கிறார். அம்மாவை மட்டும் கைவிட்டுவிட்டார்களா? கொழும்பில் வேலை செய்யும் தம்பி, அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தை எடுத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கீமோ போடலாம் என்கிறான். மாமாவோ அந்த ஊசி போட்டால் ஆள் தேறாது என்கிறார். அம்மாவிடம் சாதாரணக் கழலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். கிளினிக் அறைக்குள் நான் மட்டும்தான் போகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்பு மகளுக்கு,

அம்மாவை யாரும் கைவிடவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் ஸ்கேன், ஊசியால் சதைப் பரிசோதனை, காலைக் காத்த சத்திரசிகிச்சை, சுத்தமான விளிம்பு, நெஞ்சு ஸ்கேன், அடுத்து கதிர்வீச்சு. இந்த நோய்க்குச் செய்ய வேண்டியவை இவைதான், ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். சார்கோமா என்ற இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் இந்த ஒழுங்கு தவறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொழுப்புக் கட்டி என்று எண்ணி, ஸ்கேனும் இல்லாமல் சோதனையும் இல்லாமல் ஒரு சிறிய இடத்தில் தோலை மரத்துப்போகச் செய்து நோண்டி எடுத்திருப்பார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கும் அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் அதே தழும்பில் கட்டி மறுபடி எழும்பி எங்களிடம் வருவார்கள். உங்கள் அம்மாவுக்கு அது நடக்கவில்லை. எட்டு மாதத் தாமதத்தை நினைத்து நீங்கள் மனம் நொந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. வலிக்காத கட்டியை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமலேதான் வளரும். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். இப்போது உங்கள் முன்னால் இருக்கும் கேள்விக்குத் தெளிந்த மனம் வேண்டும்.

பக்கத்து லயத்து அக்காவுக்குத் தயங்காமல் கொடுத்த கீமோவை அம்மாவுக்கு ஏன் ‘கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம்’ என்கிறார்கள்? நியாயமான கேள்விதான்.

புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் இருப்பவை வேறு வேறு நோய்கள். கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்து சிலந்திப் பூச்சியைக் கொல்லாது என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும். இரண்டும் தேயிலையைத்தான் தாக்குகின்றன, ஆனால் மருந்து வேறு. மார்பகப் புற்றுநோய் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய். அதற்கு எந்த கீமோ யாருக்கு எவ்வளவு உதவும் என்பதை உலகம் முழுவதும் ஏராளமானோரிடம் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2012இல் வெளிவந்த ஒரே ஒரு தொகுப்பாய்வில் 123 ஆய்வுகளைச் சேர்ந்த ஓர் இலட்சம் பெண்களின் விவரங்கள் இருந்தன. அதனால்தான் அந்த அக்காவின் வைத்தியர் தயங்கவில்லை.

தசை, கொழுப்பு, நரம்பின் உறை, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு போன்ற மென்மையான திசுக்களில் வருவது சார்கோமா. வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் இது. அந்த ஒன்றுக்குள்ளும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள். ஒரு வகைக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்பதில்லை. நோயாளிகள் குறைவு, வகைகள் அதிகம் என்பதால் ஆய்வுகளும் சிறியவை. 1997இல் அதுவரை நடந்த 14 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது கிடைத்தது 1568 பேர் மட்டுமே. அங்கே ஓர் இலட்சம், இங்கே ஒன்றரை ஆயிரம். உங்கள் வைத்தியரின் தயக்கம் இதிலிருந்து வருகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

அந்த 1568 பேரைப் பற்றிய கணக்கைக் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர்களில் ஒரு பாதிக்கு டொக்சோரூபிசின் என்ற மருந்தை அடிப்படையாகக் கொண்ட கீமோ கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. பத்து வருடங்கள் கழித்துப் பார்த்தால், கீமோ பெறாத நூறு பேரில் 45 பேருக்கு நோய் திரும்பாமல் இருந்தது. கீமோ பெற்ற நூறு பேரில் 55 பேருக்குத் திரும்பாமல் இருந்தது. பத்துப் பேரின் வித்தியாசம் சிறிய விஷயமல்ல. ஆனால் உயிரோடு இருந்தவர்களை எண்ணியபோது பெறாத பக்கம் 50, பெற்ற பக்கம் 54. அந்த நான்கு பேர் மருந்தால் பிழைத்தவர்களா, தற்செயலாக அந்தப் பக்கம் விழுந்த எண்ணிக்கையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2008இல் மேலும் சில ஆய்வுகளைச் சேர்த்து 1953 பேராகக் கணக்குப் பார்த்தபோது, டொக்சோரூபிசினோடு ஐபோஸ்பமைட் என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் உயிர் காக்கும் பயன் தெளிவாகவே தெரிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். 2012இல் ஐரோப்பாவில் 351 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அதே இரண்டு மருந்துகள், ஐந்து சுற்று. ஐந்து வருட முடிவில் கீமோ பெற்ற நூறு பேரில் ஏறக்குறைய 67 பேர் உயிரோடு இருந்தார்கள். பெறாத நூறு பேரிலும் ஏறக்குறைய 68 பேர். அந்த ஆய்வில் நோய் திரும்பும் ஆபத்துக் குறைந்தவர்களும் கலந்திருந்தார்கள், ஐபோஸ்பமைட்டின் அளவும் குறைவு என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. பிறகு 2019இல் அதே நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி பிரித்துப் பார்த்தார்கள். வயது, கட்டியின் அளவு, தரம், வகை ஆகியவற்றை வைத்து, பத்து வருடம் உயிர்வாழும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுக்கும் குறைவு என்று கணிக்கப்பட்டவர்களுக்குக் கீமோ பயன்பட்டது. அதற்கு மேல் வாய்ப்புள்ளவர்களுக்குப் பயன் தெரியவில்லை.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இதுதான் முக்கியம். 9 சென்ரிமீற்றர், மூன்றாம் தரம் (அதாவது வீரியம் கூடியது), ஆழமான கட்டி. இவை மூன்றும் ஆபத்தைக் கூட்டுபவை. சுத்தமான விளிம்பும் சுத்தமான நெஞ்சு ஸ்கேனும் அவருக்குச் சாதகமானவை. அவர் அந்த அறுபது என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைக் கணித்துப் பார்க்க ‘சார்குலேட்டர்’ என்ற கணிப்பான் இருக்கிறது, கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் நீங்களாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். அறிக்கையை வைத்துக்கொண்டு அம்மாவின் கணிப்பு எவ்வளவு என்று வைத்தியரிடமே கேளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் ‘கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம்’ என்பதன் பொருள் உங்களுக்கு விளங்கும்.

ஒன்றைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். இந்த நோயைக் குணமாக்குவதில் முதலிடம் சத்திரசிகிச்சைக்கு. கட்டியைத் தொடாமல், சுற்றியுள்ள நல்ல சதையையும் உறைபோலச் சேர்த்து எடுப்பது. அது முடிந்துவிட்டது. இரண்டாமிடம் கதிர்வீச்சுக்கு, ஊரில் ‘கரண்ட் பிடிப்பது’ என்பார்களே, அதுதான். ஆழமான, பெரிய, வீரியம் கூடிய கட்டி இருந்த இடத்தில் நோய் மறுபடி முளைப்பதை அது வெகுவாகக் குறைக்கிறது. காலை வெட்டாமல் விட முடிவதற்கும் அதுவே துணை. வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஆறு வாரங்களுக்கு மேல் போகும். கண்டியில் தங்க இடம் தேட வேண்டும், கொழுந்துச் சம்பளம் நிற்கும், வீட்டில் சமைக்க ஆள் இருக்காது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அதில் ஒரு நாளைக்கூடத் தவறவிட வேண்டாம். கீமோ மூன்றாமிடத்தில் இருக்கிறது. மூன்றாவதைத் தேடி ஓடி இரண்டாவதைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது. டொக்சோரூபிசினையும் கதிர்வீச்சையும் ஒரே நேரத்தில் கொடுக்க மாட்டார்கள், தோல் வெந்துவிடும். கீமோ என்று முடிவானால் எது முன், எது பின் என்று திட்டமிட வேண்டும். வைத்தியர் அடுத்த கிளினிக்கிலேயே பதில் கேட்பது அதனால்தான்.

பணத்தைப் பற்றி. டொக்சோரூபிசின், ஐபோஸ்பமைட் இரண்டும் பழைய மருந்துகள். அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுபவை. தனியாரில் போட்டால் அதே மருந்துக்கு வேறு சக்தி வந்துவிடாது. மருந்து கையிருப்பில் இல்லாமல் போகும் காலங்களும் உண்டு, 2022இல் நாம் எல்லோரும் அதை அனுபவித்தோம். அப்படி ஒரு தட்டுப்பாடு வந்தால் கிளினிக்கிலேயே வழி சொல்வார்கள். முப்பது வருடம் மலை ஏறி இறங்கிச் சேர்த்த அம்மாவின் சேமலாப நிதியைத் தொடாதீர்கள். கண்டிக்குப் போய்வரும் பஸ் காசு, தங்கும் செலவு, சத்தான சாப்பாடு என்று அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, புற்றுநோயாளருக்கான உதவித்தொகை பற்றியும் கேளுங்கள்.

இனி மாமாவின் பயம். அதைத் தள்ளிவிட முடியாது. அவர் யாரையோ பார்த்துப் பயந்திருக்கிறார்.

டொக்சோரூபிசின் ஒரு சிவப்பு மருந்து. இத்தாலியில் ஒரு மண் கிருமியிலிருந்து கிடைத்தது, 1970களிலிருந்து இன்றுவரை சார்கோமாவுக்கு இதுதான் முதல் மருந்து. அது ஏறிய ஓரிரு நாட்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், இரத்தமல்ல. இதைச் சொல்லும்போதெல்லாம் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு தாய் என் நினைவுக்கு வருகிறார். முதல் சுற்று முடிந்த மறுநாள் காலை அவருடைய உதடு வெடித்திருந்தது, தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே இருந்தது. தண்ணீர் குடித்தால் இரத்தம் கூடுதலாகப் போகிறது என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் மலசலகூடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரிதான் என்னிடம் சொன்னார். அவருக்கு எல்லாம் விளக்கப்பட்டிருந்தது, சிங்களத்தில். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியிருந்தார். கையெழுத்தும் வைத்திருந்தார். அது எங்கள் தவறு. அன்றிலிருந்து, தமிழில் திருப்பிச் சொல்லக் கேட்காமல் எந்தத் தாய்க்கும் நான் மருந்தைத் தொடங்கியதில்லை. உங்களுக்கும் உரிமை இருக்கிறது: தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ கூப்பிடச் சொல்லுங்கள். அதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இந்த மருந்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. அதனால் தொடங்கும் முன் இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள், வாழ்நாளில் மொத்தமாக இவ்வளவுதான் என்று ஓர் எல்லையும் உண்டு. வழக்கமான அளவில் ஆறு சுற்றோடு அந்த எல்லையை நெருங்கிவிடுவோம். மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். ஆகவே ஏறும்போது கையில் எரிந்தாலோ கடுத்தாலோ அந்த நிமிடமே தாதியைக் கூப்பிட வேண்டும். பொறுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. நம் பெண்கள் பொறுப்பதில் பழகியவர்கள், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஐபோஸ்பமைட் சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் உறுத்தும். அதற்குக் காப்பாக மெஸ்னா என்ற மருந்தையும் நிறைய சேலைனையும் சேர்த்து ஏற்றுவார்கள், சில நாட்கள் வார்டில் தங்க வேண்டியிருக்கும். ஐபோஸ்பமைட் ஏறும் நாட்களில் பேச்சு தடுமாறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தாலோ உடனே சொல்ல வேண்டும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இதைப் பற்றிப் பேசவே முடியும். முடி உதிரும், திரும்ப முளைக்கும். வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரியது காய்ச்சல். மருந்து ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடலாம். மாமா பயப்படும் மரணங்களில் பல இப்படி நடந்தவையாக இருக்கலாம். ‘பனடோல் கொடுத்துப் பார்ப்போம், காலையில் பஸ்ஸில் போவோம்’ என்று காத்திருந்ததில் போனவர்கள். ஒரு வெப்பமானியை வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ் காட்டினால், இரவு இரண்டு மணியானாலும், மழை கொட்டினாலும் புறப்பட வேண்டும். கண்டிவரை போகத் தேவையில்லை, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய், கீமோ எடுத்த ஆள் என்று சொல்லி கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் லயத்துக்குப் போகும் பாதையில் அது ஏறுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஏறாது என்றால் முச்சக்கரவண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். இந்த ஏற்பாடு இல்லாத வீட்டுக்குக் கீமோ நோயாளியை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. காய்ச்சலுக்கு வழி செய்து வைத்திருக்கும் குடும்பம் மாமா சொல்வதுபோல் பயப்பட வேண்டியதில்லை.

எத்தனை சுற்று என்று தம்பி கேட்பான். இத்தாலி, ஸ்பெயின் வைத்தியர்கள் 328 பேரிடம் செய்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முன் மூன்று சுற்றோடு நிறுத்தியவர்களுக்கும், பின்னர் இன்னும் இரண்டு சேர்த்து ஐந்து சுற்று கொடுத்தவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. ஆகவே கொடுப்பதானால் மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று சுற்று என்பது நியாயமான எல்லை. இன்று பல இடங்களில், கொடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது, அதை நினைத்து வருந்த ஒன்றுமில்லை.

இப்போது கீமோ வேண்டாம் என்று விட்டால், நோய் திரும்பும்போது கதவு மூடியிருக்குமா? மூடியிருக்காது. இது திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலில்தான் தெரியும். அதற்காகத்தான் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சைப் படம் பிடிக்கிறார்கள். ஓரிரு புள்ளிகளாக இருந்தால் சத்திரசிகிச்சையாலேயே எடுக்கலாம், அதன்பின் நெடுநாள் இருந்தவர்கள் உண்டு. எடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருந்தால் அப்போது கீமோவே முதன்மைச் சிகிச்சையாகிறது. அந்த நிலையில் அது பெரும்பாலும் குணமாக்குவதில்லை. கட்டியைச் சுருக்கி, மூச்சுத் திணறலையும் வலியையும் தணித்து, நாட்களைக் கூட்டித் தரும். 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் டொக்சோரூபிசின் மட்டும் கொடுத்த நூறு பேரில் 14 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, ஐபோஸ்பமைட்டையும் சேர்த்தபோது 26 பேருக்கு. ஆனால் இரண்டு மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று நிறுவ முடியவில்லை, பக்கவிளைவுகள்தான் அதிகம். உங்கள் அம்மா இன்று அந்த இடத்தில் இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் உள்ளுக்குள் இருக்கும் கேள்வி இது என்பதால் சொன்னேன்.

இதை வாசிக்கும் வேறு குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னவை இந்தத் தாயின் நோய்க்கானவை. யூவிங் சார்கோமா, ராப்டோமயோசார்கோமா என்ற பெயர்கள் அறிக்கையில் இருந்தால் கீமோ கட்டாயம், அங்கே ‘விடலாமா’ என்ற பேச்சே இல்லை. சினோவியல் சார்கோமாவும் மிக்சாய்ட் லிப்போசார்கோமாவும் கீமோவுக்கு ஓரளவு நன்றாகக் கேட்பவை. மெதுவாக வளரும், சாதாரணக் கொழுப்பைப் போலவே தோன்றும் லிப்போசார்கோமா வகைக்குக் கீமோவால் பெரிதாகப் பயனில்லை. இரைப்பையிலும் குடலிலும் வரும் ஜிஸ்ட் என்ற வகைக்கு இந்த ஊசிகள் எதுவும் வேண்டாம், இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. ஆகவே ஒருவரின் அனுபவத்தை வைத்து இன்னொருவர் முடிவெடுக்க முடியாது. கோழி முட்டையளவைத் தாண்டிய, அல்லது வளர்ந்துகொண்டே போகும், அல்லது தோலுக்குக் கீழே ஆழத்தில் அசையாமல் இருக்கும் எந்தக் கட்டியையும், வலிக்காவிட்டாலும், ஸ்கேன் எடுக்காமல் யாரிடமும் வெட்டக் கொடுக்காதீர்கள்.

மகளே, என் அபிப்பிராயத்தை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை, உங்கள் வைத்தியரின் சொல்லுக்கு மேல் என் சொல் போகாது. ஆனாலும் மழுப்பமாட்டேன். இதய ஸ்கேன் நன்றாக இருந்து, சிறுநீரகம் இடம் கொடுத்து, கணிப்பு அந்த அறுபதுக்குக் கீழே வந்து, காய்ச்சல் வந்தால் இறங்கிப் போக வழி இருந்து, அம்மாவும் விரும்பினால், மூன்று சுற்று எடுத்துப் பார்க்கலாம் என்பேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும், கதிர்வீச்சோடு நிறுத்திக்கொண்டு ஒழுங்காகக் கண்காணிப்பதே சரி. அப்படி நிறுத்தினால் நீங்கள் அம்மாவுக்குச் செய்யாமல் விட்டதாக ஒருவரும் சொல்ல முடியாது. தம்பியும் சொல்லக் கூடாது.

‘அம்மாவும் விரும்பினால்’ என்று எழுதினேன். கழலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர் எதை விரும்புவார், எதை மறுப்பார்? உங்கள் வைத்தியர் ‘வீட்டில் பேசிச் சொல்லுங்கள்’ என்றது, பயனும் பாடும் ஏறக்குறையச் சமமாக நிற்கும்போது, எதைத் தாங்கலாம் எதைத் தாங்க வேண்டாம் என்று அளக்கக் கூடியவர் அதை அனுபவிக்கப் போகிறவர் ஒருவரே என்பதால்தான். ஆறு மாதத்தில் மறுபடி மலைக்குப் போகவேண்டும் என்பது அவருக்கு முக்கியமா? நோய் திரும்பும் வாய்ப்பு கொஞ்சமாவது குறையட்டும் என்பது முக்கியமா? தம்பியோ மாமாவோ நீங்களோ நானோ அதைச் சொல்ல முடியாது. தொடையில் நீளத் தழும்பும், ஆறு வாரக் கதிர்வீச்சும், வார்டில் அக்கம்பக்கத்து நோயாளிகளும் இருக்கும்போது, அவருக்கு ஏற்கெனவே ஏதோ தெரியும் என்பது என் அனுபவம். உங்கள் மனம் நோகக் கூடாது என்று அவரும் பேசாமல் இருக்கலாம்.

ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பக்கத்துக் காம்பிராச் சத்தம் அடங்கிய நேரத்தில், ‘அந்தக் கட்டியைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது அம்மா?’ என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். அது ஒரு புற்றுநோய்க் கட்டி என்பதையும், முழுதாக எடுத்துவிட்டார்கள் என்பதையும், வேறெங்கும் இல்லை என்பதையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். அழுதால் அழட்டும். கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள். இதுவரை அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்க, நீங்கள் உள்ளே போய் வந்தீர்கள். இந்த முறை வைத்தியரின் மேசைக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.